சேற்று நிலத்தில் பெக்கோ, ஜேசிபி, ட்ரெக்டர் புதையாமல் வேலை செய்ய: மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் கனரக இயந்திரம் புதைவதற்குப் பெரிய சதுப்பு நிலம் எதுவும் தேவையில்லை. தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளுக்குக் கீழே கான் (வடிகால்) தண்ணீர் வந்து சேரும் ஒரு மடிப்பு போதும். மரக்கறித் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே இருக்கும் பள்ளம் போதும். 20 தொன் பெக்கோ ஒன்று செயின் மறையும் அளவுக்கு இறங்கிவிட்டால், அதை எடுக்க இன்னொரு பெக்கோ, அதைக் கொண்டுவர ஒரு லோபெட் (கனரக வண்டி ஏற்றும் தாழ்ந்த ட்ரெய்லர்), லோபெட் வர ஒரு பாதை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். தோட்டத்துப் பாதைகளின் வளைவுகளும் பழைய பாலங்களும் லோபெட்டை நினைத்துக் கட்டியவை அல்ல. அதனால் இங்கே புதைந்த வண்டியை எடுக்கும் வித்தையை விட, புதையாமல் வேலையை முடிக்கும் வித்தைக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்த வழிகாட்டியில் மண் தோண்டும் இயந்திரங்களில் செயினில் ஓடுவதைப் பெக்கோ என்றும், டயரில் ஓடுவதை ஜேசிபி என்றும், நம்மூரில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

முதல் படி: புதைகிறதா, வழுக்குகிறதா?

சேற்றில் நின்றுபோன வண்டியைப் பார்த்தால் "மாட்டிக்கிச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். ஆனால் அங்கே நடப்பது இரண்டில் ஒன்று. நிலம் பாரத்தைத் தாங்காமல் வண்டி கீழே இறங்குகிறது. அல்லது நிலம் தாங்குகிறது, டயரோ செயினோ மண்ணைப் பிடிக்காமல் சுற்றுகிறது. முதலாவதற்கு மிதப்பு வேண்டும், இரண்டாவதற்குப் பிடிப்பு வேண்டும். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் முற்றும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி அசையாமல் நிற்கும்போதே தடத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து மேலே வருகிறதா? அது புதைவு. தடம் நான்கு விரல் ஆழம்கூட இல்லை, ஆனால் டயர்க் கட்டைகளுக்கு (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் மேடுகள்) இடையே களி அடைத்துக்கொண்டு வழவழவென்று சுற்றுகிறதா? அது வழுக்கல். வழுக்கலைக் கவனிக்காமல் விட்டால் சுற்றும் டயரே குழி தோண்டி, கொஞ்ச நேரத்தில் அதுவும் புதைவாகிவிடும்.

"அண்ணே, பக்கெட்ல மண்ண அள்ளி வெச்சா டயர் பிடிக்கும்" என்று தம்பிமார் சொல்வது உண்டு. மணலிலும் சரளையிலும் அது சரி. அங்கே பிடிப்பு மணிகளின் உராய்விலிருந்து வருவதால், பாரம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஈரக் களியில் கதை வேறு. அங்கே பிடிப்பு என்பது களியின் ஒட்டும் பலமும் வண்டி நிலத்தைத் தொடும் பரப்பும் சேர்ந்தது. பாரத்தை இரட்டிப்பாக்கினாலும் பிடிப்பு அநேகமாக அப்படியே நிற்கும். புதைவு மட்டும் கூடும். களியில் பிடிப்பைக் கூட்ட வேண்டுமானால் பரப்பைத்தான் கூட்ட வேண்டும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இந்தக் கணக்கைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் போலந்தில் பிறந்த பொறியியலாளர் பெக்கர். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவில் ஓடிய வண்டியின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. நிலாத் தூசுக்குப் பார்த்த அதே கணக்கைத்தான் நாம் கந்தப்பளைச் சேற்றுக்கும் பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் படி: இறங்குமுன் நிலத்தைப் பாருங்கள்

மலையகத்தின் பெரும்பகுதி செம்மஞ்சள் பொட்சோலிக் மண். காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் போல நிற்கும், நனைந்து மிதிபட்டால் பலம் இழந்துவிடும். மேட்டில் பெரும்பாலும் பயமில்லை. மேலேயிருந்து காலங்காலமாக உருண்டு வந்த மண்ணும் கல்லும் கலந்து கிடக்கும் மலையடிவாரமும், இரண்டு மலை சேரும் மடிப்பும்தான் ஆபத்தான இடங்கள். அங்கே மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஊற்று ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டிப்பொல, அம்பேவெல பக்கத்து உயரமான தாழ்நிலங்களில் கறுப்பான, இலைமக்கு நிறைந்த மண் கிடைக்கும். கையில் எடுத்தால் எடையே இருக்காது. அதற்குத் தாங்கும் பலமும் கிட்டத்தட்ட இருக்காது.

வெலிமடைப் பக்கத்து வயல் இதற்கு நேர்மாறு. பார்த்தால் முழங்கால் சேறு. ஆனால் ஆண்டுக்கணக்கில் உழுது மிதித்ததில், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். இரும்புக் கூட்டுச் சக்கரம் மாட்டிய ட்ரெக்டர் அந்தத் தட்டின் மேல்தான் ஓடுகிறது. அதே வயலில் பெக்கோவை இறக்கினால் தட்டு உடைந்துவிடும். வண்டியும் புதையும், அடுத்த போகம் வயலில் தண்ணீரும் நிற்காது. வயல்காரருடன் சண்டைதான் மிச்சம்.

நீர்த்தேக்கக் கரை இன்னொரு ரகம். காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை போன்றவற்றில் தண்ணீர் வற்றும்போது வெளியே வரும் வண்டல், வெயிலில் வெடித்துக் காய்ந்து நடக்கத் தோதாகத் தெரியும். எருமைத் தயிர்ச் சட்டியில் மேலே படியும் ஆடை மாதிரிதான் அந்தக் காய்ந்த படலம். ஆள் நடந்து பார்த்து "ஒன்றும் இல்லை, வரலாம்" என்று கை காட்டுவதை அங்கே நம்பவே கூடாது. காரணம் அடுத்த படியில் வரும் கணக்கில் இருக்கிறது.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு வெட்டி, மேலே பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி ஒட்டவைத்துக்கொள்ளுங்கள். வண்டி போகப்போகும் பாதையில் ஐந்தைந்து மீற்றருக்கு ஒரு இடமாக, இரண்டு செயினும் போகும் கோட்டில் குத்திப் பாருங்கள். ஒற்றைக் கையால் அழுத்தியே அரை மீற்றர் இறங்கினால் அந்த இடத்தில் மரமெத்தை (கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, ஆறாம் படியில் வரும்) போடாமல் போக வேண்டாம். இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தைப் போட்டும் ஒரு முழத்துக்குள் நின்றுவிட்டால் பெக்கோ நடக்கும். முதலில் இறுக்கம் காட்டி, பிறகு திடீரென்று "சளக்" என்று உள்ளே போனால் அதுதான் படலம். அந்த இடத்துக்குக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். இடையில் கல் தட்டினால் ஏமாந்துவிடாமல், அரை மீற்றர் தள்ளி மறுபடி குத்துங்கள்.

அப்புறம் கை வைத்தியம். ஒரு முழ ஆழத்தில் மண் எடுத்துப் பிசையுங்கள். முஷ்டியை மூடும்போது விரலிடுக்கில் பிதுங்கினால் மிக மென்மை. லேசாக அழுத்தினாலே உருட்ட முடிந்தால் மென்மை. பலமாக அழுத்தினால்தான் உருண்டை பிடிக்கிறது என்றால் நடுத்தரம், வேலைக்கு ஆகும். கோரை வளர்ந்திருக்கும் இடம், சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஒரு துண்டு மட்டும் கரும்பச்சையாக நிற்கும் இடம், மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் இடம் எல்லாவற்றிலும் கம்பியை இன்னும் நெருக்கமாகக் குத்துங்கள்.

மூன்றாம் படி: ஒரு சின்னக் கணக்கு

நில அழுத்தம் என்றால் வண்டியின் பாரத்தை அது நிலத்தைத் தொடும் பரப்பால் வகுப்பது, அவ்வளவுதான். 20 தொன் பெக்கோவுக்கு 60 சென்ரிமீற்றர் அகலச் செயின், நிலத்தைத் தொடும் நீளம் 3.7 மீற்றர் என்று வையுங்கள். இரண்டு செயினுக்கும் சேர்த்து 44,400 சதுர சென்ரிமீற்றர். பாரத்தை வகுத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.45 கிலோ. 80 சென்ரிமீற்றர் அகலச் சூ (செயினில் நிலத்தைத் தொடும் இரும்புத் தகடு) மாட்டினால், கூடும் இரும்பின் எடையையும் சேர்த்து ஏறத்தாழ 0.35 கிலோவுக்கு இறங்கும்.

70 கிலோ ஆள் சப்பாத்துக் காலோடு நடக்கும்போது ஒற்றைக் காலில் விழும் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே 0.35 கிலோதான். அப்படியென்றால் ஆள் நடக்கும் இடமெல்லாம் பெக்கோ போகலாமே என்று தோன்றும். போக முடியாது. சின்னக் காலின் அழுத்தம் மேல் மண்ணோடு கரைந்துவிடும். அகலச் செயினின் அழுத்தம் அதன் அகலத்தை விட ஆழமாகக் கீழே போய், படலத்துக்கு அடியில் இருக்கும் சேற்றைத் தொடும். கம்பி ஒன்றரை மீற்றர் நீளம் இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

டயர் வண்டிக்குக் கணக்கு இன்னும் சுலபம். டயர் நிலத்தில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றழுத்தமே. 30 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். ரோட்டுக்கு ஏற்றபடி 100 பிஎஸ்ஐ அடித்த டிப்பர் டயர் 7 கிலோ கொடுக்கும், அதாவது பெக்கோ கொடுப்பதைப் போலப் பதினைந்து மடங்கு. பெக்கோ போன இடத்தில் டிப்பரை விடுவதற்கு முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையான இடங்களில் நடக்கும் புதைவுகளில் டிப்பரின் பங்கு பெரிது. அது புதைந்தபின் அதை இழுக்கப் போய்ப் பெக்கோவும் புதைவது தனிக் கதை.

இன்னொரு எண்ணும் முக்கியம். கையில் உருட்டும்போது மிக மென்மைக்கும் மென்மைக்கும் நடுவே நிற்கும் களி, சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 1 கிலோ வரை தாங்கிவிட்டு உடையும். பெக்கோ நடக்கும்போது 0.45 தானே, பயமில்லை. ஆனால் பூமை (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கை) நீட்டி, பக்கவாட்டில் திருப்பி, பக்கெட் நிறைய மண் தூக்கும்போது பாரம் ஒரு செயினின் விளிம்புக்கே போகும். அந்த விளிம்பில் அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். நன்றாக நடந்து வந்த வண்டி வேலை தொடங்கியதும் இறங்குவது இதனால்தான். மென்மையான இடத்தில் செயினுக்கு நேரே முன்னால் தோண்டுங்கள், பூமை முழுக்க நீட்டாதீர்கள், பக்கெட்டை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். முடிந்தால் சின்னப் பக்கெட்டுக்கு மாறுங்கள்.

நான்காம் படி: செயினைத் தயார்படுத்துதல்

அகலமான சூ மிதப்பைத் தரும், உண்மைதான். ஆனால் 80, 90 சென்ரிமீற்றர் சூவை மாட்டிக்கொண்டு கல் நிறைந்த மலைச் சரிவில் அலைந்தால் சூவின் முனை வளையும், போல்ட் தளரும், செயின் மூட்டுகளில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். வண்டி மிதக்கத் தேவையான மிகக் குறைந்த அகலம் எதுவோ அதைத்தான் மாட்ட வேண்டும். வருடத்தில் சில வாரம் மட்டும் சதுப்பில் வேலை என்றால், வழக்கமான 60 சென்ரிமீற்றர் சூவையே வைத்துக்கொண்டு மரமெத்தைக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து. மாதக்கணக்கில் வண்டல் அள்ளும் வேலை என்றால் அகலச் சூவோ, முக்கோண வடிவச் சதுப்புச் சூவோ வாங்குவதில் நியாயம் உண்டு.

சூவின் மேல் நிற்கும் வரம்புகளையும் பாருங்கள். பெக்கோவில் வழக்கமாக வருவது மூன்று தாழ்ந்த வரம்பு, திரும்புவதற்கு இலகு. டோசரில் ஒற்றை உயர்ந்த வரம்பு. பிடிப்பு அதிகம், ஆனால் திரும்பும்போது நிலத்தைக் கிழிக்கும். வரம்பு தேய்ந்து மழுங்கிய செயினோடு ஈரச் சரிவில் ஏறுவது வழுக்குவதற்கு நாமே அழைப்பு வைப்பது.

சேற்றில் வேலை செய்யும்போது செயினைச் சற்றுத் தளர்த்தியே வைக்க வேண்டும். ஸ்புரொக்கெட்டிலும் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) ரோலர்களுக்கு இடையிலும் களி அடைத்துக்கொண்டால் செயின் தானாகவே இறுகும். அந்த இறுக்கத்தில் ஓடினால் எரிபொருளும் போகும், இரும்பும் போகும். எவ்வளவு தொய்வு என்பது வண்டிக்கு வண்டி வேறு. கையேட்டில் சேற்று நிலத்துக்கென்று கொடுத்திருக்கும் அளவை வையுங்கள். ஒரு பக்கத்தைப் பூமால் தூக்கி, செயினை முன்னும் பின்னும் ஓட்டிச் சேற்றை உதிர்த்துவிட்டு அளந்தால்தான் அளவு சரியாக வரும்.

ஐந்தாம் படி: டயர் வண்டியா?

டயர் வண்டியில் காசு செலவில்லாத ஒரே வழி காற்றைக் குறைப்பது. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படுத்து அதிகக் கட்டைகள் மண்ணைப் பிடிக்கும். மிதப்பும் பிடிப்பும் ஒரே நேரத்தில் கூடும் அபூர்வமான காரியம் இது. ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதை டயர்க் கம்பனியின் பார அட்டவணைதான் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ரிம் மட்டும் சுற்றி டயர் நிற்கும், பக்கச் சுவர் வெடிக்கும். முன் பக்கெட்டில் பாரத்தோடு சரிவில் நிற்கும் ஜேசிபியின் முன் டயரில் காற்றைக் குறைக்கவே வேண்டாம், வண்டி கவிழும்.

ட்ரெக்டர் டயரில் கட்டை ஆழமாகவும் இடைவெளி அகலமாகவும் இருக்கும்; ஜேசிபி டயரில் கட்டை குட்டையாக, அகலமாக, நெருக்கமாக இருக்கும். பின்னது ரோட்டிலும் கல்லிலும் நீண்ட நாள் உழைக்கும், களியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டயரை மாற்றும்போது பக்கச் சுவரில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். ஓட்டும் சக்கரத்தில் கட்டைகளின் கூர் முனைதான் முதலில் நிலத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து வெளியே தள்ளப்படும். திருப்பி மாட்டினால் சேற்றை உள்ளே கூட்டிக்கொண்டே போகும்.

டயருக்குள் தண்ணீர் நிரப்பிப் பாரம் கூட்டும் பழக்கம் உழவுக்கு நல்லது. மென்மையான களியில் அந்தத் தண்ணீரை இறக்கிவிடுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீர் உறையாமலிருக்க உப்பு கலப்பார்கள். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி படிந்தாலும் டயர்த் தண்ணீர் உறையும் அளவுக்குப் போகாது, அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

எவ்வளவு வழுக்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, எண்ணிப் பார்க்கலாம். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இறுகிய தரையில் பத்துச் சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து இரண்டு கம்பு நடுங்கள். பிறகு வேலை நிலத்தில், பாரத்தோடு, அதே தூரத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பதினொன்றிலிருந்து பதினொன்றரை வந்தால் நல்ல நிலை. ட்ரெக்டர் டயர் மண்ணில் சிறப்பாக இழுப்பது எட்டிலிருந்து பதினைந்து வீத வழுக்கலில்தான். பன்னிரண்டரையைத் தாண்டினால் டயர் நிலத்தைத் தோண்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காற்றைக் குறையுங்கள் அல்லது சுமையைக் குறையுங்கள்.

டிஃப் லொக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) இருந்தால் வழுக்கும் இடத்துக்குள் போவதற்கு முன்பே போடுங்கள். ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் கியர் உடையும். திரும்புமுன் எடுத்துவிடுங்கள். டயருக்கு மேல் மாட்டும் இரும்புச் சங்கிலி ஈரப் புல் சரிவுக்கு நன்றாக உதவும், ஆனால் அது பிடிப்பை மட்டும்தான் தரும். புதையும் நிலத்தில் சங்கிலி மாட்டினால் இன்னும் வேகமாகத் தோண்டும்.

ஆறாம் படி: நிலத்தையே மாற்றுதல்

வண்டியில் செய்யும் மாற்றங்களை விட நிலத்தில் செய்யும் மாற்றங்கள்தான் அதிகப் பலன் தரும். அதிலும் முதலாவது தண்ணீரை வெளியேற்றுவது. வேலை தொடங்க ஒரு வாரத்துக்கு முன்பே, வேலைத்தளத்துக்கு மேல்பக்கம் பிறை வடிவில் ஒரு கான் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போய் எங்கே வெட்டுவது என்று கேளுங்கள். மழை நாளில் அந்த மலையில் தண்ணீர் எப்படி ஓடும் என்று அவருக்குத்தான் தெரியும். களியில் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும், அதனால் காலையில் வெட்டிவிட்டு மாலையில் பெக்கோவை இறக்குவதில் பிரயோசனம் இல்லை. கான் தண்ணீர் யாருடைய வீட்டுக்குப் பின்னால் போய் விழுகிறது என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, மேல் புல்லை வழிக்காதீர்கள். மானாப்புல்லின் வேரும் கோரையின் வேரும் பின்னிக் கிடக்கும் அந்தப் படைதான் இலவசமாகக் கிடைத்த மெத்தை. "சுத்தமாக்கிவிட்டு இறங்குவோம்" என்று அதை வழித்த இடத்தில்தான் வண்டி இறங்கும்.

மூன்றாவது, மரமெத்தை. 15 முதல் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உறுதியான கட்டைகள், வண்டியின் அகலத்தை விட இரண்டு பக்கமும் அரை மீற்றராவது கூடுதலான நீளம். 20 தொன் வண்டிக்கு 4 மீற்றர் கணக்கு. டர்பன்டைன் மரம் கிடைத்தால் நல்லது. கட்டைகளைப் போகும் திசைக்குக் குறுக்காக, இடைவெளி இல்லாமல் அடுக்கி, இரண்டு முனையிலும் வயர் ரோப்பால் கட்டி ஒரு மீற்றர் அகல மெத்தைகளாக்குங்கள். வண்டியின் கீழ் முழுக்க இருக்கும் அளவுக்கும், அதற்கு மேல் இரண்டு மூன்றும் போதும். பெக்கோ தான் தாண்டி வந்த மெத்தையைப் பின்னாலிருந்து தூக்கி முன்னால் போட்டு முன்னேறும். தூக்குவதற்கு மெத்தையில் ஒரு ரோப் வளையம் விடுங்கள். பக்கெட் பல்லால் கொத்தித் தூக்கினால் இரண்டு நாளில் மெத்தை விறகாகிவிடும். கட்டையின் பட்டை உரிந்தால் வழுக்கும், மேலே சுள்ளி பரப்புங்கள். இரும்புத் தகடு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சமதரையில் போடலாம், மழைச் சரிவில் வேண்டவே வேண்டாம். மரம் வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிப்பர் தினமும் வர வேண்டிய பாதை என்றால் மெத்தை போதாது. வேர்ப்படையின் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று முக்கால் மீற்றராவது ஏறும்படி போட்டு, அதன் மேல் உடைகல்லை ஒரு அடிக்குக் குறையாமல் கொட்டுங்கள். துணியின் வேலை கல் சேற்றுக்குள் மூழ்காமலும் சேறு கல்லுக்குள் ஏறாமலும் பிரித்து வைப்பது. துணி இல்லாமல் கொட்டினால் லோட் லோட்டாகக் கல் காணாமல் போகும். டிப்பர் பின்னால் வந்து, ஏற்கெனவே கொட்டிய கல்லின் மேல் நின்று, முன்னால் கொட்ட வேண்டும். வெறும் துணியின் மேல் சக்கரம் படக்கூடாது. தற்காலிகப் பாதைக்கு நம் நாட்டில் செய்யும் தும்புவலையும் உதவும், காலப்போக்கில் அதுவே மக்கிப்போகும்.

ஏழாம் படி: ஓட்டும் முறை

மெதுவாக, நிறுத்தாமல், ஒரே வேகத்தில். களியில் முதல் தடம் மேல் படலத்தைப் பயன்படுத்தும், அடுத்தடுத்த தடங்கள் அதைப் பிசைந்து கெடுக்கும். அதனால் களியில் ஒவ்வொரு முறையும் தடத்தை மாற்றிப் போங்கள். மணலும் சரளையுமான இடத்தில் அதே தடத்திலேயே போங்கள், அது இறுகிக்கொண்டு வரும்.

நின்ற இடத்தில் ஒரு செயினைப் பூட்டி வட்டமடிப்பதுதான் பெக்கோவைப் புதைக்கும் மிகச் சுலபமான வழி. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் திருப்பம், மறுபடி முன்னால் என்று நீண்ட வளைவாகத் திரும்புங்கள்.

சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், குறுக்கே போக வேண்டாம். ஸ்புரொக்கெட் பள்ளத்துப் பக்கமும் பூம் மேட்டுப் பக்கமும் இருக்கட்டும். பக்கெட்டை நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் வைத்துக்கொண்டால் வழுக்கும்போது உடனே ஊன்றலாம். வண்டிக்கு வெளியே ஒருவர் நின்று செயினையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூ பதிந்த அச்சில் தண்ணீர் ஊறி மினுங்கத் தொடங்கியதும் அவர் கை காட்ட வேண்டும். கபினில் இருப்பவருக்கு அது தெரியாது.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மென்மையான இடத்து வேலையை பெப்ரவரி, மார்ச்சுக்கு வையுங்கள். பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி, தை மழை. அங்கே ஜூலை, ஆகஸ்ட் தோது. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேர இடிமழை வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு நடந்ததும் இந்தக் காலத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் வண்டியைச் சரிவிலிருந்து எடுத்துவிட்டு ஆட்களோடு வெளியேறுங்கள். புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயத் தொடங்கிய மரம் இவற்றைக் கண்டால் எச்சரிக்கை வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

எட்டாம் படி: புதைந்தேவிட்டால்

முதல் வேலை, நிறுத்துவது. இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று ஓட்டும் ஒவ்வொரு தடவையும் அரை அடி ஆழம். ஒப்பரேட்டர் இறங்கி, ஆழத்தையும் சாய்வையும் பார்க்கட்டும். சாய்வு கூடிக்கொண்டே போனால் யாரும் பள்ளத்துப் பக்கம் நிற்கக்கூடாது.

பெக்கோவுக்குத் தன்னைத்தானே தூக்கும் கை இருக்கிறது. பூமைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கெட்டின் வட்டமான அடிப்பகுதியைக் கட்டைகளின் மேல் ஊன்றி ஒரு செயினைத் தூக்குங்கள். தூக்கிய செயினைச் சுழலவிட்டுச் சேற்றை உதிர்த்துவிட்டு, அடியில் கட்டைகளைக் குறுக்காகத் திணியுங்கள். தூக்கிய செயினுக்கு அடியில் ஆள் போகக்கூடாது. கட்டையை நீண்ட கம்பால் தள்ளுங்கள். மறுபக்கமும் இப்படியே. அப்புறம் செயினுக்கு முன்னால் உள்ள சேற்றைச் சரிவாக வெட்டி எடுத்து, வந்த வழியிலேயே வெளியேறுங்கள். முன்னால் இறுகிய தரை பக்கத்தில் தெரிகிறதே என்று ஆசைப்பட வேண்டாம், வந்த வழி ஏற்கெனவே வண்டியைத் தாங்கிய வழி.

வெளியிலிருந்து இழுக்க வேண்டியதாகிவிட்டால், எவ்வளவு இழுவை தேவை என்று முன்பே கணக்கிடுங்கள். இராணுவ மீட்பு வேலைகளில் வழக்கமாக வைக்கும் கணக்கு இது: சக்கர அளவு புதைந்தால் வண்டியின் முழு எடைக்குச் சமம், மட்கார்ட் அளவுக்கு இரண்டு மடங்கு, கபின் அளவுக்கு மூன்று மடங்கு. மட்கார்ட் வரை இறங்கிய 8 தொன் ஜேசிபியை எடுக்க 16 தொன் இழுவை. அதை ட்ரெக்டரும் பழைய லொறிச் சங்கிலியும் கொடுக்காது. முதலில் சுற்றிலும் தோண்டிச் சேற்றின் உறிஞ்சலை உடைத்தால் தேவை வெகுவாகக் குறையும்.

ரோப்பைச் செயின் ஃப்ரேமில், கையேடு காட்டும் இடத்தில் கட்டுங்கள். பக்கெட் பல்லிலோ சின்னக் கொக்கியிலோ கட்டாதீர்கள். தளர விட்டு வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக இறுக்கி இழுக்க வேண்டும். இழுக்கும்போது ரோப்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. ரோப்பின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள், அறுந்தால் வேகம் குறையும். வேடிக்கை பார்க்க லயத்துப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், அவர்களை விலக்க ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும்

சேறு காயுமுன் அன்றன்றே செயினையும் ரோலர்களையும் கழுவுங்கள். ஒரு இரவு காய்ந்த களியை மறுநாள் மண்வெட்டிதான் எடுக்கும். ஓடையில் இறக்கிக் கழுவ வேண்டாம், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். தடங்களைச் சரிவின் வாக்கில் அப்படியே விட்டால் அடுத்த மழையில் அவையே கானாகி மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பக்கெட்டால் மூடி, குறுக்கே சின்ன வரம்புகள் போடுங்கள். டயர் வண்டி என்றால் ரோட்டில் ஏறுமுன் காற்றை மறுபடி பழைய அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். கம்பிரஸர் வேலைத்தளத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் காற்றுக் குறைந்த டயரோடு ஹட்டன் கடைக்குப் போய் அடித்துக்கொள்ளலாம் என்று வளைவுகளில் இறங்குவது, சேற்றில் தப்பிய வண்டியை ரோட்டில் கவிழ்க்கும் வேலை.